பெயாரிங் போயிற்று என்று முடிவு கட்ட முன்

"தம்பி, உங்கட மெஷின் என்ன ஹெலிகொப்டரே?" என்று கீழ்மாடி அன்ரி படியில் மறித்துக் கேட்டபோதுதான் விஷயம் முற்றிவிட்டது எனக்கு உறைத்தது. துணி துவைக்கும் வோஷிங் மெஷினைத்தான் சொன்னார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். திருத்த வந்த பாஸ் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. துணியைப் பிழியும் ஸ்பின் ஓடும்போது ஒரு நிமிடம் காதைக் கொடுத்தார், "பெயாரிங்" என்றார் (ட்ரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையம் அது), முற்பணம் கேட்டார். காசு கையில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. அன்றிரவு கீழ்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து பம்பின் ஃபில்டரைக் கழற்றினேன். ஓர் ஐந்து ரூபாய்க் குற்றி, இரண்டு சேஃப்டி பின், மகளின் தலைக்கிளிப்பில் பாதி. சத்தம் அதோடு போய்விட்டது.

பாஸ் ஏன் ஏமாந்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. சத்தம் ஸ்பின்னில் வந்தது, ஆகவே துணி சுழலும் ட்ரம்தான் காரணம் என்று நினைத்தார். ஆனால் ஸ்பின் ஓடும் நேரத்தில் பம்பும் சேர்ந்து ஓடுகிறது. துணியிலிருந்து பிழிந்து வரும் தண்ணீரை அதுதான் வெளியே தள்ளுகிறது.

சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் நடித்தே காட்டுவார்கள். எப்போது வருகிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். தண்ணீர் நிரம்பும்போது ஓடுவது பெரும்பாலும் தண்ணீரை உள்ளே விடும் வால்வுதான். அது மூடும் கணத்தில் 'டொக்' என்று சுவர் அதிர்ந்தால் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், மெஷினில் பிழையில்லை. தண்ணீர் வெளியேறும்போது பெரும்பாலும் பம்ப் மட்டும். ஆகவே துணி போடாமல், தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் (drain) மட்டும் ஒருமுறை ஓடவிடுங்கள். அதிலும் கடகடத்தால் ட்ரம் பக்கம் போகவே தேவையில்லை.

ஃபில்டரைத் திறப்பதிலும் கைதவறுகிறது. ஒரேயடியாகத் திருகினால் உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் தரைக்கு வரும். பக்கத்தில் சின்ன றப்பர்க் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாகத் தட்டையான தட்டில் வடியவிடுங்கள். சுடுநீரில் கழுவியிருந்தால் ஆறும்வரை பொறுங்கள். ஃபில்டர் வெளியே வந்ததும் டோர்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே பம்பின் சின்னச் சக்கரம் தெரியும். அதில் நூலோ தலைமயிரோ சுற்றியிருக்கும். பென்சிலால் தள்ளினால் விட்டுவிட்டுத் துள்ளித் துள்ளித்தான் சுழலும். "இறுகிப்போச்சு" என்று அந்த இடத்தில் புதுப் பம்ப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே காந்தம் இருப்பதால் வரும் துள்ளல் அது, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, பம்ப் இல்லையென்றால்? பிளக்கைக் கழற்றிவிட்டு, வெறும் ட்ரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அம்மியில் உப்புக்கல் அரைபடுவது போல உள்ளங்கையில் கரகரப்புத் தெரிந்தால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். பிறகு ட்ரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ட்ரம்மும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்து ஆடினால் பயமில்லை, இரண்டும் ஸ்பிரிங்கில்தான் தொங்குகின்றன. தொட்டி அசையாமல் ட்ரம் மட்டும் 'டக் டக்' என்று மேலும் கீழும் ஆடினால் பெயாரிங், அல்லது ட்ரம்மின் பின்னால் மூன்று கை விரித்திருக்கும் அலுமினியத் தாங்கி. சவர்க்காரக் கசடு படிந்து படிந்து அந்தத் தாங்கி அரித்து வெடிப்பதும் உண்டு.

பெயாரிங்குக்கு டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரேயை அடிப்பது எங்கள் ஊர் வைத்தியம். பின்பக்கத் துளையால் அடித்தால் பெயாரிங்குக்குள் பெரும்பாலும் போகாது, போனாலும் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் முன்னையதைவிட மோசம். உண்மையில் பெயாரிங் தானாகக் கெடுவது குறைவு. அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையமான ஒயில் சீல் தேய்ந்து தண்ணீர் புகுந்ததால்தான் கெடுகிறது. தொட்டியின் பின்புறம் துருநிறக் கோடு வழிந்திருப்பது அதற்குச் சாட்சி. ஆகவே புதுப் பெயாரிங் போட்டுப் பழைய சீலையே விடுவது காசைத் தண்ணீரில் போடுவது. இலக்கம் பெயாரிங்கிலேயே பொறித்திருக்கும். 6205, 6206 போன்றவை வாகனங்களுக்கும் மோட்டர்களுக்கும் போகும் பொது அளவுகள்தான். 6205 என்றால் உள்துளை 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாங்க முதல் தொட்டி ஸ்குரூவில் பூட்டியதா, ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டிய தொட்டியை அறுத்துத்தான் திறக்க வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள்.

மெஷின் நடந்து போகிறது என்றால் கதை வேறு. கொழும்பு ஃபிளட்களில் அதிகம் காண்பது சில்லு வைத்த ஸ்டாண்ட். தூக்கித் துடைக்க வசதி, ஸ்பின்னுக்கு எமன். தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்ட குளியலறைத் தரை, அதன் மேல் சில்லு, அதன் மேல் அறுபது எழுபது கிலோ. ஸ்டாண்டை எடுத்துவிட்டு மெஷினின் சொந்தக் கால்களை நிலத்தில் ஊன்றுங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பார்த்து, ஆட்டம் நின்ற பிறகு காலில் உள்ள லொக் நட்டை மெஷினின் உடம்போடு இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் கால் தானாகக் கழன்று, ஒரு மாதத்தில் பழையபடி. மட்டையை மடித்துச் செருகுவது அன்றைக்கு மட்டும் உதவும்.

முன்னால் கதவுள்ள புது ஃபுரொன்ட் லோட் மெஷின் முதல் நாளே குதித்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏற்றி இறக்கும்போது தொட்டி ஆடாமல் பூட்டிய போல்ட்கள் மூன்றோ நான்கோ அப்படியே இருக்கும். கழற்றியதும் எறிந்துவிடாதீர்கள். வீடு மாறி லொறியில் ஏற்றும்போது அவை மறுபடி வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அந்த நாள் வராமல் இருக்காது.

மேலிருந்து துணி போடும் டொப் லோட் என்றால் நான்கு மூலையிலும் தொட்டியைத் தாங்கும் கம்பிகள் உண்டு. ஒன்று தளர்ந்தால் நான்கையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் தொட்டி சாய்ந்தே நிற்கும். தனியாக ஒரு பெட்ஷீற்றைப் போட்டுவிட்டு "அடிக்குது" என்று புலம்புவது பழுதல்ல. கூட இரண்டு துவாய் போட்டால் நின்றுவிடும்.

சுண்ணாம்பு அகற்றும் பவுடர் பற்றியும் கேட்கிறார்கள். சுண்ணக்கல் மேல் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு அது சரி. கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, இங்கே கெடுதல் செய்வது கையால் துவைப்பதற்கான சவர்க்காரப் பவுடரின் நுரைதான்.

சுவர் சுவிட்ச்சை நிறுத்தினால் போதும் என்று கையை உள்ளே விடாதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும். ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் இரண்டு முள் அடப்டரில் செருகித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உங்களைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது.

வொறண்டி இருந்தால் எதையும் கழற்றாமல் கூப்பிடுங்கள். முகப்பில் ஒட்டியிருக்கும் '10 வருடம்' பெரும்பாலும் மோட்டருக்கு மட்டும் என்பதையும் வாசித்துவிடுங்கள். பாஸ் வர முன், ட்ரெயின் ஓடும்போது ஒன்று, வெறும் ட்ரம் ஸ்பின்னில் ஒன்று என்று போனில் இரண்டு பதிவு எடுத்து அனுப்பலாம். மொடல் இலக்கம் பல மெஷின்களில் பின்பக்கம் இருக்கும். சுவரோடு தள்ளிவிடும் முன் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.