டம்மி டக் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வயிற்றின் உறுதியைப் பல ஆண்டுகள் காப்பது எப்படி

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகோ, உடல் எடையைப் பெருமளவு குறைத்த பிறகோ தளர்ந்து தொங்கும் வயிற்றுக்காக டம்மி டக் (மிகையான தோலை அகற்றி வயிற்றுச் சுவரை இறுக்கும் அறுவைச் சிகிச்சை) செய்துகொண்டவர்கள், தையல் ஆறி வீக்கம் வடிந்ததும் இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவதுண்டு. முதல் ஆண்டில் தட்டையாக இருந்த வயிறு நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் மெல்ல முன்தள்ளத் தொடங்கும்போது, அறுவைச் சிகிச்சையே சரியில்லை என்று மனம் நொந்துபோகிறார்கள். பெரும்பாலும் பழுது சிகிச்சையில் இருப்பதில்லை. இறுக்கித் தைக்கப்பட்ட வயிற்றுச் சுவரை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் நாள்தோறும் கூடிக்கொண்டே போயிருக்கும். அந்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே நீண்டகால உறுதிக்கு அடிப்படை என்பது என் உறுதியான கருத்து.

உறுதி எங்கிருந்து வருகிறது

முழுமையான டம்மி டக்கில் அடிவயிற்றின் குறுக்கே, ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றோர் இடுப்பெலும்பு வரை தோலை வெட்டி, தோலையும் அதனடியில் உள்ள கொழுப்பையும் விலா எலும்புப் பக்கமாகப் பிரித்து உயர்த்துகிறார்கள். அப்போது வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரு நேர்த்தசைகளும், அவற்றைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற உறையும் கண்ணுக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் இந்த இரு தசைகளுக்கும் இடையே உள்ள நடுக்கோடு விரிந்து மெலிந்துவிடுகிறது. பலருக்குப் பேறுகாலம் முடிந்த பிறகும் அந்த இடைவெளி முழுமையாக மூடிக்கொள்வதில்லை. மருத்துவர் தசையை வெட்டுவதில்லை. அதன் உறையை நடுக்கோட்டில் மடித்து, நெஞ்செலும்பின் கீழ்முனை தொடங்கி அடிவயிறு வரை தைத்து, விலகிய தசைகளை அருகருகே கொண்டுவருகிறார். அதன் பிறகுதான் தோலைக் கீழே இழுத்து, மிகையான பகுதியை அகற்றி, தொப்புளுக்குப் புதிய வாயில் அமைத்துத் தைக்கிறார்.

ஆகவே, நிற்கும்போது வயிறு முன்தள்ளாமல் இருப்பதற்குக் காரணம் அகற்றப்பட்ட தோலைவிட அந்த நடுக்கோட்டுத் தையலே ஆகும். சிலருக்கு நைலான் போன்ற கரையாத நூலும், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் கரையும் நூலும் பயன்படுத்தப்படுகின்றன. எந்த நூலானாலும், இறுதியில் சுவரைத் தாங்குவது அந்த மடிப்பில் உடல் தானே உருவாக்கும் தழும்புத் திசுதான். அது பக்குவப்பட மாதங்கள் ஆகும். ஓராண்டு வரையிலும் அது முறுக்கேறிக்கொண்டே இருக்கும். எந்த வகை நூல், எவ்வளவு நீளத்துக்குத் தசை இறுக்கப்பட்டது, குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்து அதுவும் சரிசெய்யப்பட்டதா என்பவற்றை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் மட்டும் சிறிய அளவில் செய்யப்படும் மினி டம்மி டக் செய்துகொண்டவர்களுக்குத் தொப்புளுக்கு மேலே தசை இறுக்கப்படாமலே இருக்கலாம் என்பதால், அவர்கள் இதை அறிந்திருப்பது மிகவும் தேவை.

முதல் மூன்று மாதங்கள்

தொடக்கத்தில் சற்றுக் குனிந்தே நடக்கச் சொல்வார்கள்; ஓரிரு வாரங்களில் படிப்படியாக நிமிர்ந்துவிடலாம். குனிந்து நடக்க வேண்டியிருக்கிறதே என்று படுத்தே கிடந்துவிடக் கூடாது. காலில் இரத்தம் உறைவதைத் தடுப்பதற்கு, முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் அடிக்கடி நடப்பது இன்றியமையாதது. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், முழங்கால்களை மடித்து, ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இந்தப் பழக்கத்தை முதல் சில வாரங்களோடு விட்டுவிடாமல் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொள்வது நல்லது.

வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் பெல்ட்டைப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை அணியச் சொல்கிறார்கள். அது வீக்கத்தைக் குறைக்கும், அசைவின்போது ஆறுதலாக இருக்கும். ஆனால் வயிற்றைத் தட்டையாக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. மருத்துவர் கழற்றச் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் இறுகக் கட்டிக்கொண்டிருப்பது, வேலை செய்ய வேண்டிய தசையைச் சோம்பலாக்கும் செயலே.

முதல் 6 வாரங்களுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது வழக்கமான கட்டுப்பாடு. நம் வீடுகளில் இது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் கேன் ஒன்று 20 லிட்டர், அதாவது 20 கிலோவுக்கும் மேல். சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பின் எடையையும் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்கு ஆகிவிடும். இரண்டு வயதுக் குழந்தை 11, 12 கிலோ இருக்கும். குழந்தையைத் தூக்குவதற்குப் பதில், கட்டிலில் அமர்ந்துகொண்டு அது தானே மடியில் ஏறிக்கொள்ளும்படி பழக்கிவிடலாம். மாவு நிரம்பிய கிரைண்டர் கல்லைத் தூக்குவதும், ஸ்கூட்டரைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் பலர் பாரம் தூக்குவதாகவே கருதாமல் செய்துவிடும் வேலைகள். இரண்டுமே வயிற்றுக்குள் சட்டென்று அழுத்தத்தை ஏற்றுபவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொப்புளுக்குக் கீழே உள்ள தோலில் பல மாதங்களுக்கு உணர்ச்சி மரத்திருக்கும். அப்பகுதிக்கு வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும், உடம்புக்கு நல்லது என்று கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. தோல் வெந்துபோவது உங்களுக்குத் தெரியாது. காணும்போது கொப்புளம் எழுந்திருக்கும்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது

உடற்பயிற்சி தளர்ந்த தோலை இறுக்காது. வயிற்றுச் சுவரைத் தாங்கும் தசைகளை அது பழக்கும், அவ்வளவே; ஆனால் அந்த ஒன்றே பெரிய பயன். வயிற்றுத் தசைகளில் மிக ஆழத்தில், இடுப்புக் கச்சையைப் போல் உடலைச் சுற்றி ஓடும் குறுக்குத் தசை ஒன்று உண்டு. தொப்பையைக் கரைக்கவென்று பலரும் செய்யும், படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி பெரும்பாலும் முன்புற நேர்த்தசைகளுக்கே வேலை கொடுத்து, நடுக்கோட்டின் மீது நேரடியாக அழுத்தத்தை ஏற்றுகிறது. டம்மி டக் செய்துகொண்டவர்கள் முதலில் பழக்க வேண்டியது குறுக்குத் தசையை.

மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் 6 வாரங்களை ஒட்டி, மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ளுங்கள். விலாப் பகுதி பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுங்கள். மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே, தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதியை முதுகெலும்பை நோக்கி இலேசாக உள்ளே இழுத்து, சிறுநீரை அடக்குவதைப் போல் இடுப்புத்தளத் தசைகளையும் சேர்த்து இறுக்குங்கள். இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறத்தில் இரு விரல்களை வைத்துப் பார்த்தால், தசை விரல்களுக்கடியில் மெல்ல விறைப்பது தெரியும். விரல்களை வெளியே தள்ளும் அளவுக்கு வயிறு புடைத்தால், நீங்கள் முக்குகிறீர்கள் என்று பொருள். இறுக்கத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஐந்து விநாடிகள் பிடித்து விடுவதைப் பத்து முறை செய்தால் ஒரு வேளைக்குப் போதும்.

இது எளிதான பிறகு, அதே இறுக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு குதிகாலை மட்டும் தரையில் தேய்த்தவாறு காலை நீட்டி மடக்கலாம். அடுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டலாம். உடலை நேர்க்கோடாக வைத்து அசையாமல் தாங்கும் பிளாங்க் பயிற்சியில், சுவரில் கை ஊன்றிச் செய்யும் பிளாங்கும், அதன் பிறகே தரையில் செய்யும் பிளாங்கும் வர வேண்டும். பெரும்பாலோருக்கு இவை 3 மாதங்களுக்குப் பின்னரே பொருந்தும். ஒவ்வொரு கட்டத்திலும் விலா எலும்புக்கும் தொப்புளுக்கும் இடையே நடுக்கோட்டைக் கவனியுங்கள். அங்கே நெடுக ஒரு மேடு எழும்பினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு இன்னும் கடினம். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இரு கால்களையும் ஒன்றாக உயர்த்தும் பயிற்சியில் இந்த மேடு மிக எளிதாக எழும் என்பதால் அதைக் கடைசியாகவே தொடுங்கள். தொடக்கத்தில் ஓரிரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முன்னிலையில் செய்வது, காணொளிகளைப் பார்த்துச் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

அறுவைச் சிகிச்சை தொடாத கொழுப்பு

தோலுக்கடியில் உள்ள கொழுப்பை மருத்துவர் அகற்ற முடியும். குடல்களைச் சூழ்ந்து, தசைச் சுவருக்கு உள்ளே இருக்கும் கொழுப்பை அகற்ற முடியாது. இந்த உள்கொழுப்பு பெருகும்போது அது சுவரை உள்ளிருந்தே தள்ளி, தையல் மடிப்பை நாளடைவில் நெகிழ வைக்கிறது. தெற்காசியர்களுக்கு, மற்றபடி ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும்கூட, உள்கொழுப்பு சேரும் இயல்பு மிகுதி. அதனால்தான் இடுப்புச் சுற்றளவுக்கு நமக்கான வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

எடை பார்க்கும் கருவியைவிடத் தையல்கடை நாடா இங்கே பயன்படும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து குறித்து வாருங்கள். வீக்கம் முழுவதும் வடிய 6 மாதங்களுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அதற்குப் பின் எடுக்கும் அளவையே உங்கள் அடிப்படையாகக் கொள்ளுங்கள். அது மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஏறும்போதே உணவையும் நடையையும் திருத்திக்கொள்வது எளிது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் கொழுப்பு வயிற்றை நோக்கி இடம்பெயரும் என்பதால், அவ்வயதை நெருங்குபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

உணவில் நம் குறை பெரும்பாலும் புரதத்தில்தான். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. சோறும் நீர்த்த சாம்பாரும் இந்த அளவை எட்டாது; சுண்டல், பாசிப்பயறு, மீன், தயிர், முட்டை ஆகியவற்றுள் ஒன்றாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். எடை கூடுவதைப் போலவே, விரைந்து பெருமளவு இளைப்பதும் தோலை மீண்டும் தளர்த்திவிடும்.

முக்குதலும் இருமலும்

மலச்சிக்கல் இருப்பவர் நாள்தோறும் கழிப்பறையில் முக்கும்போது எழும் அழுத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கீரை, பழம், போதிய தண்ணீர் ஆகியவற்றால் தீராவிட்டால் மருத்துவரிடம் கேட்டு இசப்கோல் போன்ற நார்ச்சத்துப் பொடிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆறாத இருமலையும் ஆஸ்துமாவையும் முறையாகக் கட்டுப்படுத்த வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். புகையிலை தோலுக்குச் செல்லும் இரத்தவோட்டத்தைக் குறைத்துத் தையல் பகுதியையே அழுக வைக்கக்கூடியது. இருமலையும் அதுவே வளர்க்கிறது. பாரம் தூக்கும் நிலை வந்தால், தூக்கும் கணத்தில் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

டம்மி டக்குக்குப் பின் கருத்தரிப்பதால் பொதுவாகத் தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து இல்லை. ஆனால் சுவர் மறுபடியும் விரியும் வாய்ப்பு உண்டு என்பதால், பிள்ளைப்பேறு முடிந்த பின் இச்சிகிச்சையைச் செய்துகொள்வதே முறை.

மீண்டும் புடைத்தால்

முதல் சில வாரங்களில் அடிவயிறு தளும்பினால் அது தோலுக்கடியில் தேங்கிய நீராக இருக்கலாம். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார். கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஆண்டுகள் கழித்துத் தோன்றும் புடைப்பில், படுத்தால் மறைந்து இருமினால் ஓரிடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்பது குடலிறக்கமாக இருக்கலாம். வயிறு முழுவதும் சீராக முன்தள்ளி, விரல்களால் மடித்துப் பிடிக்கும்போது தோல் மெல்லியதாகவே இருந்தால் உள்கொழுப்பை ஐயுறலாம். நின்றால் நடுப்பகுதி மட்டும் நெடுக வீங்குவது தையல் நெகிழ்ந்ததன் அறிகுறி. இவற்றைப் பிரித்தறிய அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் உதவும். தையல் நெகிழ்ந்திருந்தால் அதை மீண்டும் இறுக்க முடியும். ஆனால் இடுப்புச் சுற்றளவைக் குறைத்துச் சில மாதங்கள் நிலையாக வைத்திருந்த பிறகே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.