மத்தேயு 23:23-ஐ அன்பியத்தில் வாசிப்பது எப்படி

அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்த வாசிப்புக்கு நல்ல காலம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். வீட்டில் காசு தட்டுப்படும் நேரமும் அதுதான் என்பதால் வசனம் உறைக்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

வசனத்தை இரண்டு முறை வாசியுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் மௌனம். புதினா, சோம்பு, சீரகத்தில்கூடப் பத்தில் ஒரு பங்கு செலுத்தியவர்களை இயேசு கண்டிக்கிறார். செலுத்தியது குற்றமில்லை, நீதி, இரக்கம், நம்பிக்கை மூன்றையும் கைவிட்டதுதான் குற்றம். காணிக்கையையும் விடக் கூடாது என்று அதே வசனம் சொல்வதை மறக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் திருவிழா வரி தேவையா என்ற சண்டையில் கூட்டம் கலைந்துவிடும். கேட்க வேண்டியது வேறு: திருவிழா வரிக்கு நோட்டுப் போட்டு வீடு வீடாகக் குறிக்கிறோமே, படகில் போனவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா?

நீதி பற்றிய இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இணைச்சட்டம் 24:14-15, ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. வாசித்ததும் கணக்குக்கு வந்துவிடுங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மீதி எவ்வளவு என்று போனவர்களுக்குக் காட்டினார்களா? முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது? நண்டு எடுக்கும் தராசு சரியா (லேவியர் 19:35-36)? கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு விலையை எடை போடுமுன் சொல்கிறார்களா, போட்ட பிறகா?

இங்கேதான் கூட்டம் தடுமாறும். படகு உரிமையாளரும் அவரிடம் வேலை பார்ப்பவரும் ஒரே அன்பியத்தில் இருப்பார்கள். முதலாளி முன்னால் ஆள் வாய் திறக்க மாட்டார். அதனால் படகுத் தொழிலில் இல்லாத ஒருவர் முந்தின நாளே வீடுகளுக்குப் போய்க் கேட்டு, எல்லாவற்றையும் தன் கையெழுத்திலேயே, பெயர் போடாமல் சீட்டுகளில் எழுதி வரட்டும். கூட்டத்தில் சீட்டுகள் மட்டும் வாசிக்கப்படட்டும். ஒரு வீட்டின் தனிப்பட்ட வழக்கு வந்தால் அங்கே தீர்க்கப் பார்க்காதீர்கள். பங்குத்தந்தையிடம் தனியாகக் கொண்டுபோங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைப் போட வேண்டிய நிலையில் உரிமையாளரும் இருக்கலாம். அந்தச் சீட்டையும் அதே மரியாதையோடு வாசியுங்கள்.

அடுத்த கால் மணி நேரம் இரக்கத்துக்கு: மத்தேயு 25:35-36. சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. எல்லை தாண்டியதாக இலங்கையில் பிடிபட்டவர் வீடு உங்கள் தெருவில் இருந்தால், ஆறுதல் வார்த்தையோடு நிற்காதீர்கள். மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அந்த வீட்டுப் பெண்ணோடு யார் துணைக்குப் போவது, அன்று பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தவிருங்கள்: கணக்கை முடிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு ஐந்து கிலோ அரிசி கொடுப்பது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் தருமம். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

நம்பிக்கைக்குத் தனி நேரம் வேண்டாம். “விசுவாசம் இருந்தால் போதாதா?” என்று யாராவது கேட்டால் யாக்கோபு 2:14-17-ஐ அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். முடிவுச் செபத்தில், அன்று எடுத்த தீர்மானத்தைச் சொல்லியே கடவுளிடம் பலம் கேளுங்கள்.

யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் செபமாலைக்கு முன் அதை வாசியுங்கள். நடக்கவில்லை என்றால், “எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்று விட்டிருப்பீர்கள். ஒரு வேலை, அதற்கு இரண்டு பேர் என்று குறைத்து மறுபடி எழுதுங்கள்.