டோக்கியோவில் எடோவைக் காண்பது எப்படி?

டோக்கியோவில் பழமையைக் காண விரும்புகிறவர் அந்நகரம் எத்தனை முறை எரிந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1603-இல் ஷோகுனான (பேரரசர் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவரான) தொகுகாவா இயேயாசு தன் ஆட்சிப்பீடமாக்கிக்கொண்ட எடோ நகரம், 1657-இல் மூண்ட பெருந்தீயில் கோட்டையின் தலைமைக் கோபுரம் உட்படப் பெரும்பகுதியை இழந்தது. 1868-இல் அதன் பெயர் டோக்கியோ என்று மாறிய பிறகு, 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும், 1945 மார்ச் 10 அன்று நடந்த குண்டுவீச்சும் எஞ்சியிருந்தவற்றிலும் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. ஆகவே இன்று அங்கே நாம் பார்க்கும் புகழ்பெற்ற கோயில்கள் பலவும் போருக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டவை. கட்டடத்தின் வயதை மட்டும் கணக்கில் கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். அக்கட்டடங்களில் நடக்கும் வழிபாடும், ஆண்டுதோறும் முறை தவறாமல் வரும் விழாக்களும், மேடையிலும் மல்யுத்தக் களத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலைகளும்தாம் அறுபடாமல் நிற்கின்றன. எனவே எந்த இடத்துக்குப் போகலாம் என்பதோடு, எந்த நேரத்தில் போனால் அங்கே என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, மார்ச் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை செர்ரி மலர்கள் பூக்கும். அக்காலம் அழகானதுதான் என்றாலும், விடுதிக் கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். என் தேர்வு நவம்பரின் கடைசி வாரங்களே: கிங்கோ மரங்கள் பொன்னிறமாகும், வானம் தெளிவாக இருக்கும், உயரமான இடங்களிலிருந்து ஃபுஜி மலை தெரிய வாய்ப்பு மிகுதி. ஜூன் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் மழை; ஆகஸ்டில் வெப்பமும் புழுக்கமும் கடுமையாக இருக்கும். ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் தொடர் விடுமுறையில் உள்நாட்டுப் பயணிகளே எங்கும் நிறைந்திருப்பதால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. விழாவுக்காகவே போகிறவர்கள், பல்லக்குகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வரும் மே மாதத்து சான்ஜா திருவிழாவையோ, ஜூலையின் கடைசிச் சனிக்கிழமை சுமிதா ஆற்றங்கரையில் நடக்கும் வாணவேடிக்கையையோ ஒட்டி நாள் குறிக்கலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். சிங்கப்பூர் குடிமக்களுக்கும், மின்னணுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியக் குடிமக்களுக்கும் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. வெளிநாட்டுப் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். அதை விடுதி அறையில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. நாரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து ஸ்கைலைனர் விரைவு ரயில் ஏறத்தாழ 40 நிமிடத்தில் உவேனோ பகுதியில் சேர்த்துவிடும். ஹனேடா நகரத்தின் தெற்கு விளிம்பிலேயே இருப்பதால், கட்டணம் பெரிதாக வேறுபடாவிட்டால் அங்கே இறங்கும் விமானத்தையே தேர்ந்தெடுங்கள்.

தங்குவதற்கு ஷின்ஜுக்குவையும் ஷிபுயாவையும் பலர் பரிந்துரைப்பார்கள். பழைய நகரத்தின் வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது கிழக்குப் பக்கம், அதாவது உவேனோவும் அசாகுசாவும். கைவினைஞர்களும் வணிகர்களும் வாழ்ந்த தாழ்நிலப் பகுதிகள் இவை. அறை வாடகையும் பொதுவாகச் சற்றுக் குறைவு. விடியற்காலையில் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் இங்கே தங்குவதன் பெரும்பயன்.

போக்குவரத்து முதலில் மலைப்பைத் தரும். ஓரிரு நாளில் பழகிவிடும். வந்திறங்கியதும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால், ரயில், சுரங்க ரயில், பேருந்து, சிறு கடைகள் என எல்லா இடங்களிலும் அதையே தொட்டுச் செல்லலாம். 30 நிலையங்களுடன் 34.5 கிலோமீட்டர் சுற்றி வரும் யாமனோதே வட்டப்பாதையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நகரின் முக்கியப் பகுதிகள் பலவும் இதன் மீதோ அருகிலோ அமைந்துள்ளன. பெரிய நிலையங்களில் எந்த வாயில் வழியாக வெளியேறுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஷின்ஜுக்கு போன்ற நிலையத்தில் வாயில் மாறினால் சேர வேண்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்புறம் போய் நிற்போம். ஆகையால் நிலையத்தின் பெயரோடு வாயிலின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. முகவரி வட்டாரம், தொகுதி, கட்டட எண் என்ற வரிசையில் அமைவதால், கைப்பேசி வரைபடம் இல்லாமல் வீடு தேடுவது கடினம். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிட்டு விடியற்காலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும். வேலை நாள்களில் காலை ஏழரை முதல் ஒன்பது மணி வரை பெட்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. பெட்டி படுக்கைகளோடு அந்நேரத்தில் ஏறாதீர்கள்.

முதல் நாள் காலையை அசாகுசாவின் சென்சோஜி கோயிலுக்குக் கொடுக்கலாம். 628-ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் கருணையின் வடிவான போதிசத்துவர் கன்னோனின் சிலை அகப்பட்டது என்பது இதன் தலவரலாறு. இன்றைய தலைமை மண்டபம் 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோடையில் காலை ஆறு மணிக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறரை மணிக்கும் மண்டபம் திறக்கும். அந்நேரத்தில் போனால், பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் வாயிலிலிருந்து நீளும் கடைத்தெரு இன்னும் மூடியே இருக்கும், வேலைக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுச் செல்லும் உள்ளூர்க்காரர்களைப் பார்க்கலாம். முன்றிலில் உள்ள பெரிய தூபக் கலத்தின் புகையைக் கையால் அள்ளி உடலில் ஒற்றிக்கொள்வது வழக்கம். பிறகு படியேறி, காணிக்கைப் பெட்டியில் நாணயமிட்டு, கைகூப்பி வணங்க வேண்டும்; பௌத்தக் கோயிலில் கை தட்டக் கூடாது. குறி பார்க்க விரும்பினால், உரிய நாணயத்தைப் போட்டுவிட்டு உலோகக் குடுவையைக் குலுக்குங்கள். சிறு துளை வழியே ஒரு குச்சி வெளிவரும். அதில் பொறித்துள்ள எண்ணுக்குரிய இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குச்சியைக் குடுவையிலேயே போட்டுவிட வேண்டும். இக்கோயிலில் தீய பலன் வருவது அரிதன்று. அப்படி வந்தால் வருந்தாமல், தாளை மடித்து அருகிலுள்ள கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டி வடக்கே சிறிது தூரம் நடந்தால் மாட்சுச்சியாமா ஷோதென் என்ற சிறு குன்றுக் கோயில் வரும். தமிழர் எவரும் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். இங்கே எழுந்தருளியிருப்பவர் பௌத்தத்தின் வழியே ஜப்பானுக்குச் சென்ற விநாயகர். மூலத் திருமேனியை யாரும் பார்க்க முடியாது. அது திரைக்குப் பின்னேயே இருக்கும். அவருக்குப் படைக்கப்படுவது வெள்ளை முள்ளங்கி! கோயிலிலேயே முழு முள்ளங்கியை வாங்கிச் சன்னிதியில் வைக்கலாம். படிக்கட்டிலும் சுவர்களிலும் இணைந்த முள்ளங்கிகளும் பணப்பையும் செதுக்கப்பட்டிருப்பதை நின்று பாருங்கள். உவேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்து நடுவில் இருக்கும் பென்தென்தோ மண்டபத்தில் கோயில் கொண்டிருப்பவளும் நமக்குத் தெரிந்தவளே: ஜப்பானில் பெரும்பாலும் வீணைக்குப் பதிலாக பிவா என்னும் நரம்பிசைக் கருவியோடு சித்திரிக்கப்படும் சரஸ்வதி.

கோயில்களில் நினைவுப் பொருள் வாங்க வேண்டுமென்றால், முத்திரைப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்வதே சிறந்தது என்பேன். மடிப்புத் தாள்களால் ஆன அந்தப் புத்தகத்தை நீட்டினால், அங்குள்ளவர் தூரிகையை மையில் தோய்த்து, கோயிலின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிச் சிவப்பு முத்திரை பதித்து, மை ஒட்டாமலிருக்க ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்துத் தருவார். காணிக்கை பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை இருக்கும். சில்லறையாகக் கொடுப்பது மரியாதை. எழுதும்போது அவரைப் படம் எடுக்க வேண்டாம். வழிபட்ட பின்னரே புத்தகத்தை நீட்ட வேண்டும் என்பதும் எழுதப்படாத முறை.

மேற்கே ஹராஜுக்கு நிலையத்தை ஒட்டியிருக்கும் மெய்ஜி ஆலயம் ஜப்பானின் தொன்மையான வழிபாட்டு நெறியான ஷிந்தோ மரபைச் சேர்ந்தது, 1920-இல் நிறுவப்பட்டது. நுழைவாயிலில் தலை தாழ்த்திவிட்டுப் பாதையின் ஓரமாக நடக்க வேண்டும். நீர்த்தொட்டியில் அகப்பையால் மொண்டு முதலில் இடக்கையையும், பின்பு வலக்கையையும் கழுவி, இடக்கையில் நீரூற்றி வாய் கொப்பளித்து, மீண்டும் இடக்கையைக் கழுவிக்கொள்வது முறை. அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, ஒருமுறை குனிய வேண்டும். சுற்றியுள்ள அடர்ந்த காடு இயற்கையாக வளர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் நாடெங்கிலுமிருந்து மக்கள் அளித்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கப்பட்டது. பாதையில் உதிரும் இலைகளைப் பெருக்கி, வெளியே கொட்டாமல் காட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். நீண்ட துடைப்பங்களோடு பணியாளர்கள் அதைச் செய்வதைக் காலையில் காணலாம்.

பேரரசர் மாளிகையின் கிழக்குத் தோட்டத்துக்குக் கட்டணமில்லை. பொதுவாகத் திங்களும் வெள்ளியும் விடுமுறை. 1657-இல் எரிந்த கோபுரம் மீண்டும் கட்டப்படவே இல்லை. அதன் கல் மேடை மட்டும் நிற்கிறது. அதன்மேல் ஏறிச் சுற்றிலும் தெரியும் அலுவலகக் கோபுரங்களைப் பார்த்தால் இந்நகரத்தின் கதை விளங்கிவிடும். நேரமிருந்தால் ஹமாரிக்யு தோட்டத்துக்கும் செல்லுங்கள். கடல்நீர் ஏறி இறங்கும் குளத்தின் நடுவிலுள்ள தேநீர் இல்லத்தில் மாச்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடித் தேநீர் அருந்திவிட்டு, தோட்டத்தின் படகுத் துறையிலிருந்தே அசாகுசாவுக்கு ஆற்று வழியாகத் திரும்பலாம்.

சுமோ போட்டிகள் டோக்கியோவில் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் மட்டும், ஒவ்வொரு முறையும் 15 நாள்கள், ரியோகொக்கு அரங்கில் நடைபெறும். சீட்டுகள் வெகு விரைவில் தீர்ந்துவிடுவதால் விற்பனை தொடங்கும் நாளிலேயே வாங்க வேண்டும். காலையில் இளநிலை வீரர்கள் மோதுவார்கள். முதல்நிலை வீரர்களின் களப்பிரவேசத்தைப் பார்க்க மூன்றரை மணிக்குள் இருக்கையில் அமர்ந்துவிடுங்கள். கின்சா பகுதியில் உள்ள, கபுகி என்னும் மரபு நாடகத்துக்கான அரங்கில் முழு நாடகத்துக்கும் அமர இயலாதவர்கள் ஓர் அங்கத்துக்கு மட்டும் குறைந்த விலையில் சீட்டு வாங்கலாம். கதையை முன்பே படித்துக்கொண்டு போனால் மொழி தடையாகாது.

சைவ உணவுக்காரர்கள் சற்று முன்னேற்பாட்டோடு இருக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுக்கப்படுவது. ஆகவே கண்ணுக்குக் காய்கறியாகவோ நூடுல்ஸாகவோ மட்டும் தெரியும் உணவிலும், நொதித்த சோயா விழுதால் செய்யும் மிசோ சூப்பிலும், சோபா நூடுல்ஸோடு வரும் சாற்றிலும் மீன் இருக்கக்கூடும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் வேண்டாம் என்பதை ஜப்பானிய எழுத்திலேயே அச்சிட்டு வைத்துக்கொண்டு காட்டுங்கள். மரபு உணவைச் சைவமாகவே சுவைக்க ஒரே நல்ல வழி, துறவியரின் ஷோஜின் சமையல். ஷின்ஜுக்குவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தக்காவோ மலையின் யாகுவோயின் கோயிலில், முன்பதிவு செய்தால் அதை முறையாகப் பரிமாறுகிறார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்கள், இந்தியக் குடும்பங்கள் திரளாக வாழும் நிஷி-கசாய் பகுதிக்குப் போகலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறு உணவகங்களிலும் கோயில்களிலும் ரொக்கமே செல்லும் என்பதால் சில ஆயிரம் யென் கையில் இருக்கட்டும். அன்பளிப்புப் பணம் (டிப்ஸ்) கொடுக்கும் வழக்கம் இல்லை. ரயிலில் கைப்பேசியில் பேசக் கூடாது. மின்படிகளில் ஓடாமல் இடப்புறமாக நில்லுங்கள். தெருவில் குப்பைத் தொட்டிகள் அரிது என்பதால் பையில் ஓர் உறை வைத்திருங்கள். மின்னழுத்தம் 100 வோல்ட். இரண்டு தட்டை முனைகள் கொண்ட செருகிதான் பொருந்தும். பொருள் எதையாவது தொலைத்துவிட்டால் தயங்காமல் அருகிலுள்ள காவல் சாவடியில் சொல்லுங்கள். கண்டெடுத்ததை ஒப்படைக்கும் பழக்கம் அங்கே வலுவாக உள்ளது.

மாலையில் கால் வலித்தால் குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் சென்தோ என்னும் பொதுக் குளியலகத்துக்குச் செல்லுங்கள். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி; ஆடை எதுவும் அணியாமல்தான் குளிக்க வேண்டும் என்பதால் முதன்முறை போகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும், ஆனால் அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு நன்றாகக் குளித்து நுரை முழுவதும் போன பின்னரே தொட்டியில் இறங்க வேண்டும். சிறு துண்டைத் தண்ணீரில் நனைய விடாமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். வெந்நீர் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சூடாக இருக்கும். ஐந்து நிமிடம் போதும்.