விளம்பர ஷூட்டில் கேரக்டரை விடாமல் நிற்பது எப்படி? புதிய மாடல்களுக்கு ஒரு செய்முறை

ஃபேஷன் ஷூட்டில் உடைதான் ஹீரோ. ஜவுளிக்கடை, நகைக்கடை, மசாலா விளம்பரங்களின் கதை வேறு. ஹோர்டிங்கைப் பார்ப்பவருக்கு "நம்ம பெரிய அண்ணி மாதிரியே இருக்காங்களே" என்று தோன்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் முதல் அரை மணி நேரம் பிரமாதமாகச் செய்வார்கள். அப்புறம் ஒட்டவைத்த சிரிப்போடு நிற்பார்கள்.

சென்னை ஸ்டுடியோ ஒன்றில் ஜவுளிக்கடைக்கான தீபாவளி விளம்பரம் எடுக்கிறார்கள், உங்களுக்கு மூத்த மருமகள் வேடம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் வரும் பண்டிகைக்கு ஆவணியிலேயே ஷூட் நடக்கும். வெளியே வெயில் கொளுத்தும், பட்டாசு இருக்காது, உங்கள் "குடும்பத்தை" நீங்கள் அன்று காலையில்தான் பார்த்திருப்பீர்கள்.

1. பிரீஃபை ஓர் ஆளாக மாற்றுங்கள்

பிரீஃப் என்றால் படம் எப்படி இருக்க வேண்டும் என்று விளம்பர ஏஜென்சி தரும் குறிப்பு. அதில் "மகிழ்ச்சியான குடும்பம், பாரம்பரியம், உற்சாகம்" என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு கையைக் காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இவள் யார்? ஒரு நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது? இப்போது யாரைப் பார்க்கிறாள்?

"மூத்த மருமகள். விடியற்காலையில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்துவிட்டு, கடைசியாகத் தானும் குளித்துப் புடவை மாற்றியிருக்கிறாள். 'இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்மா' என்று மாமியார் இப்போதுதான் சொன்னார்." இவ்வளவு போதும். இந்த நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று நடிகர் தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை ரஷ்ய நாடக மேதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கி வலியுறுத்தினார். அது மேடைக்கு. ஸ்டில் கேமராவுக்கு வாழ்க்கை வரலாறு தேவையில்லை, முந்தைய ஒரு நிமிடம் இருந்தால் போதும்.

2. மேக்கப் அறையிலேயே குடும்பமாகுங்கள்

மாமியாராக வருபவரை அங்கேயே "அத்தை" என்று கூப்பிடத் தொடங்கிவிடுங்கள். குழந்தையோடு ஏதாவது ஒரு விளையாட்டை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி வையுங்கள். ஃபிரேமில் அது உங்களைப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். தோளில் கை போட வேண்டியிருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் போட்ட கையைச் சுற்றி உடம்பு விறைக்கும், அது படத்தில் தெரியும்.

3. சிரிப்பைப் பிடித்து வைக்காதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். உதட்டை இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது அசைக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியில்தான் தானாகச் சுருங்குகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 1862-லேயே எழுதினார். அதனால் இழுத்துப் பிடித்த சிரிப்பில் வாய் மட்டும் மிஞ்சும், கண் செத்துவிடும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் பிறகு முகத்தை முழுக்கத் தளர்த்துங்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மூச்சை விட்டு, கண்ணை மூடுங்கள். ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக எப்படியும் ஒரு கணம் வேண்டும், அந்த இடைவெளி உங்களுடையது. பிறகு அத்தை சொன்னதை இப்போதுதான் கேட்டதுபோல நிமிர்ந்து பாருங்கள். கிளிக். மறுபடி தளர்த்துங்கள். முகத்தைத்தான் கீழே போடுகிறீர்கள், மருமகளை அல்ல. கால்கள், நீங்கள் நிற்பதற்காகத் தரையில் டேப் ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும்.

ஊமையாக நிற்காமல் ஏதாவது பேசுங்கள். "அண்ணி", "பாட்டி" என்று ஈகாரம்போல முடியும் சொற்களில் உதடு தானாக விரியும். "ஓ", "ஐயோ" என்றால் குவிந்துவிடும்.

4. கையில் இருப்பதை நம்புங்கள்

காலி டம்ளரைக் கொடுத்தால் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். வெறும் டம்ளரைப் பிடிக்கும் மணிக்கட்டு பொய் சொல்வது படத்தில் தெரியும். இனிப்புப் பெட்டிக்கும் அப்படியே, உள்ளே எடை இருக்க வேண்டும். பட்டுப்புடவைக்கு அந்தக் கவலை இல்லை, ஜரிகையின் கனமே நடையை மாற்றிவிடும். ஆனால் பார்டரைக் கையால் மறைக்காதீர்கள். விளம்பரமே அதற்குத்தான்.

5. குறுக்கீடுகள்

டச்சப் வரும், லைட்டை நகர்த்துவார்கள், மானிட்டர் பக்கமிருந்து "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காக உதட்டை இன்னும் இழுக்காதீர்கள். அதை ஒரு செயலாக மாற்றிக்கொள்ளுங்கள்: குழந்தை உங்கள் முந்தானையை இழுக்கிறது, மாமியார் இரண்டாவது முறை பாராட்டுகிறார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஓடிப்போய் மானிட்டரைப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பார்த்த நொடியே மருமகள் போய், மூக்கு எப்படித் தெரிகிறது என்று கவலைப்படும் நீங்கள் வந்துவிடுவீர்கள். பிரேக்கில் போனை எடுப்பதும் அப்படித்தான் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத மாடல்களும் உண்டு. புடவை கசங்கும் என்பதால் பிரேக்கில் உட்காரவும் விடமாட்டார்கள், அத்தையோடு பேசிக்கொண்டு நில்லுங்கள்.

6. வீட்டில் பயிற்சி

போனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, டைமர் வைத்து இருபது படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தளர்த்தி நிமிருங்கள். பிறகு ஒவ்வொரு படத்திலும் வாயை விரலால் மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள். கண் சிரிக்காத படங்களில் அந்த முந்தைய ஒரு நிமிடம் பலிக்கவில்லை. அதை மாற்றி எழுதிவிட்டு மறுபடி எடுங்கள்.