மேடைக்குக் கீபோர்டு வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில் மேடைகளில் புது முகங்கள் நிறைய வரும். கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்கு விரல் நன்றாக ஓடுகிறது, பாட்டுப் பாடமும் இருக்கிறது. கையில் இருக்கும் கருவிதான் காலை வாருகிறது. எங்கள் செட்டு ஆட்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

உறை போட்டு வையுங்கள், ஒயரை ஒழுங்காகச் சுருட்டுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பணத்தையும் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிற தவறுகள் மட்டும் இங்கே.

டோன் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

800 டோன், 235 ரிதம் என்று அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு லைட் மியூசிக் கச்சேரியில் நாம் எடுப்பது என்னென்ன? பியானோ, எலக்ட்ரிக் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேட், புல்லாங்குழல், நாதஸ்வரம், பிராஸ், ஒரு நல்ல பெல், இரண்டு மூன்று சிந்த் லீடு. இருபதைத் தாண்டாது. அந்த இருபதும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைக்காரர் டெமோ பட்டனை அமுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். அதில் வாசித்திருப்பது கம்பெனி ஆள். புல்லாங்குழல் டோனை எடுத்து உங்களுக்குத் தெரிந்த ஒரு இடையிசையை நீங்களே வாசித்துப் பாருங்கள்.

பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்குவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னாலும் அடுத்த சீசனில் இன்னொரு பிள்ளை இதே தவறோடு மேடை ஏறி நிற்கிறான்.

கடையில் எல்லோரும் முன்பக்கத்தையே பார்க்கிறார்கள். திரை பளிச்சென்று இருக்கிறது, பட்டன்கள் நிறைய இருக்கின்றன, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரில் சத்தம் அறையை நிறைக்கிறது. மேடையில் அந்த ஸ்பீக்கரின் சத்தம் தபேலாக்காரருக்குக் கூடக் கேட்காது. நீங்கள் வாசிப்பது ஜனங்களிடம் போய்ச் சேருவது பின்னால் இருக்கும் ஜாக் வழியாகத்தான். அங்கே 'எல்/மோனோ' (இடது), 'ஆர்' (வலது) என்று மிக்ஸருக்குச் சத்தம் அனுப்பும் இரண்டு லைன் அவுட் தனித்தனியாக இருக்கிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விலை அதற்குப் பிறகு.

கேசியோவில் சிடி-எக்ஸ்3000, சிடி-எக்ஸ்5000 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே 800 டோன், இரண்டும் ஏறக்குறைய 7 கிலோ. ஆனால் லைன் அவுட் இருப்பது 5000-இல் மட்டும். 3000-இல் ஹெட்போன் ஜாக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ463 மாடலில் ஹெட்போனுக்கும் அவுட்புட்டுக்கும் சேர்த்து ஒரே ஜாக். அதற்கு அடுத்து 2022-இல் வந்த பிஎஸ்ஆர்-இ473-இல் எல், ஆர் தனியாகக் கொடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்பதே இல்லை. கேட்டாலும் கடையில் ஒரே பதில்தான்: "ஹெட்போன் அவுட்டே லைன் அவுட்தான் தம்பி, ஒயர் போட்டா எல்லாம் ஒண்ணுதான்." இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்று அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் குழுவுக்கு இரண்டாவது கீபோர்டு வாசிக்க ஒரு தம்பி வந்திருந்தான். புதுக் கீபோர்டு, அப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. முதல் பாட்டிலேயே அவனுடைய பியானோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. இடது கையில் பேஸ் வாசிக்கிறான், வெளியே ஒன்றுமே இல்லை. ஸ்ட்ரிங்ஸில் எதிரொலி மட்டும் மிச்சம். மைக்செட்டுக்காரர் அவன் சேனலை ஏற்றிக்கொண்டே போனார், கடைசியில் இரைச்சல்தான் ஏறியது. "உங்க கீபோர்டு அவுட்டு"என்று அவர் சொல்ல, "உங்க மிக்ஸர் அவுட்டு" என்று இவன் சொல்ல, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாக்குவாதம். கீபோர்டும் சரி, மிக்ஸரும் சரி, இரண்டிலும் ஒரு பழுதும் கிடையாது.

நடந்தது இதுதான். ஹெட்போன் ஜாக் ஸ்டீரியோ. பின்னின் நுனியில் இடது பக்கச் சத்தம், நடு வளையத்தில் வலது பக்கச் சத்தம், அடிப்பகுதி எர்த். அந்தத் தம்பி மூன்று வளையப் பின் ஒயர் ஒன்றை ஹெட்போன் ஜாக்கில் செருகி, மறுமுனையை மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட்டில் கொடுத்திருந்தான். பேலன்ஸ்டு இன்புட்டின் வேலையே நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழிப்பது. வழியில் ஒயர் வாங்கிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கழித்தால் போய்விடும், அதற்காகச் செய்த ஏற்பாடு. இங்கே நுனியில் இடது, வளையத்தில் வலது. இரண்டிலும் பொதுவாக இருக்கிற சத்தம் முழுக்கக் கழிந்து போகும். பேஸ், லீடு, பியானோவின் உடல் எல்லாம் நடுவில் இருப்பவை, அதாவது இரண்டு பக்கமும் சமமாக வருபவை. அவை காணாமல் போய், இரண்டு பக்கமும் வேறுபடுகிற எதிரொலி மட்டும் மிஞ்சும். சேனலை எவ்வளவு ஏற்றினாலும் இல்லாத சத்தம் எங்கிருந்து வரும்?

சாதாரண கிட்டார் ஒயரைச் செருகினால் வேறொரு பிரச்சினை. அந்த மோனோ பின்னின் நீண்ட அடிப்பகுதி வளையத்தையும் சேர்த்து எர்த்தில் தொட்டுவிடும். வலது பக்கம் ஷார்ட். எல்லாக் கீபோர்டும் அதை ஒரு கச்சேரி முழுக்கத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போதாக்குறைக்கு, ஹெட்போன் ஜாக்கில் எதைச் செருகினாலும் உள் ஸ்பீக்கர் நின்றுவிடும். மானிட்டர் கொடுக்காத மேடையில் நீங்கள் வாசிப்பது உங்களுக்கே கேட்காது.

இடைவேளையில் அந்தத் தம்பிக்கு ஒரு ஒய் ஒயர் கொடுத்தோம். ஒரு முனையில் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின். மிக்ஸரில் இரண்டு சேனலில் கொடுத்ததும் அதே பியானோ முழுசாக நின்றது. ஆனாலும் அவன் அந்தக் கீபோர்டை நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டான். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மைக்செட்டுக்காரரிடம் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லி இரண்டு சேனல் கேட்டு வாங்க அவனால் முடியவில்லை. அவனுக்காவது காரணம் தெரிந்தது. தெரியாமல், "இவன் கீபோர்டு சவுண்டே வராது" என்று பெயர் வாங்கி வாய்ப்பை இழந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட கீபோர்டு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். ஒய் ஒயர் ஒன்றும் டிஐ பாக்ஸ் இரண்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். டிஐ பாக்ஸ் கீபோர்டின் சிக்னலைப் பேலன்ஸ்டு ஆக்கி நீள ஒயரில் இரைச்சல் இல்லாமல் அனுப்பும். ஜெனரேட்டரில் 'ஹம்' வந்தால் அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எல், ஆர் இருக்கிற கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மைக்செட்டுக்காரர் ஒரே சேனல்தான் தருகிறார் என்றால் எல்/மோனோவில் மட்டும் செருகுங்கள், இரண்டு பக்கமும் உள்ளேயே சேர்ந்து வரும். 'ஆர்' ஜாக்கில் இன்னொரு ஒயரைச் சும்மா செருகி விட்டால் பாதிச் சத்தம் அதோடு போய்விடும். திருவிழா மேடைகளில் வெளி ஸ்பீக்கர் பெரும்பாலும் மோனோதான். ஆகவே கடையிலேயே ஒரே ஒயரில், ஒரே ஸ்பீக்கரில் பியானோவைக் கேளுங்கள். ஸ்டீரியோவில் அழகாக இருந்த சில பியானோக்கள் மோனோவில் மெலிந்துவிடும்.

எடையைக் கருவிக்கு மட்டும் கணக்குப் போடுவது

ரோலண்டு ஜூனோ-டிஎஸ் 61 கட்டையில் 5.3 கிலோ. அதே ஜூனோ-டிஎஸ் 88 கட்டையில் 16.3 கிலோ. பஸ்ஸிலோ பைக் பின்சீட்டிலோ போகிறவருக்கு இந்த ஒரு கணக்கு போதும். லைட் மியூசிக்குக்கு 61 தாராளம். ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10 சுமார் 4 கிலோ, கோர்க் க்ராஸ் 2 சுமார் 3.8 கிலோ, யமஹா எம்எக்ஸ்61 4.8 கிலோ. மூன்றிலும் உள் ஸ்பீக்கர் இல்லை, எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். "வீட்ல எப்படிண்ணே ப்ராக்டிஸ் பண்றது?" என்று கேட்டு இவற்றை ஒதுக்குகிறார்கள். ஹெட்போன் போட்டுப் பண்ணலாம். தெருவும் நிம்மதியாக இருக்கும்.

பை, ஸ்டாண்டு, அடாப்டர், பெடல், டிஐ பாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். அதுதான் நிஜ எடை. எடை குறைந்த கீபோர்டை ஆடுகிற எக்ஸ் ஸ்டாண்டில் வைத்து, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு லிவரை இழுத்தால் கீபோர்டே நகரும். ஸ்டாண்டின் கைகளில் ரப்பர் தேயாமல் இருக்க வேண்டும்.

பிட்ச் பெண்டு இல்லாத மாடல்

மேடைக்கு வேண்டாம். நாதஸ்வரமும் வீணையும் வாசிக்க வேண்டிய ஊரில் கமகத்துக்கு வேறு வழி இல்லை. கேசியோ சிடி-எக்ஸ்700, யமஹா பிஎஸ்ஆர்-இ373 இரண்டும் வீட்டில் கற்றுக்கொள்ள நல்லவை, அவற்றில் இது கிடையாது.

டோன் மாற்ற எண்களைத் தட்டுவது

எண்பதுகளின் பாட்டுகளில் ஒரே இடையிசைக்குள் ஸ்ட்ரிங்ஸ் முடிந்து அடுத்த தாளத்தில் குழல், அது முடியுமுன் பெல் என்று வரும். மூன்று இலக்க எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. வேண்டிய டோனை முன்பே பதிந்து வைத்து ஒரே தட்டில் எடுக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் அல்லது ஃபேவரிட் பட்டன் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிஎஸ்ஆர்-இ473-இல் நான்கு பட்டன், எட்டு பேங்க், மொத்தம் 32 இடம். பாட்டு வரிசைப்படி அடுக்கி வைத்தால் ஒரு கச்சேரியைச் சமாளித்துவிடலாம். கடையில் இதையும் சோதியுங்கள்: ஸ்ட்ரிங்ஸில் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டே அடுத்த டோனுக்கு மாற்றுங்கள். பிடித்திருக்கும் சத்தம் வெட்டென்று அறுந்தால் கச்சேரியிலும் அப்படித்தான் அறும்.

டிரான்ஸ்போஸ் மெனுவுக்குள் ஒளிந்திருப்பது

பாடகிக்குத் தொண்டை கட்டியிருக்கும். மைக்கை மூடிக்கொண்டு, "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமா" என்று கேட்டுவிட்டு உடனே ஆரம்பித்துவிடுவார். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் வெளியே இருந்தால் ஒரு தட்டு. மெனுவுக்குள் நான்கு படி போக வேண்டுமென்றால் பல்லவி பாதி போய்விடும். அடுத்த பாட்டுக்கு முன் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். திரையில் அது எந்நேரமும் தெரிகிற கருவியாக இருந்தால் நல்லது.

பெடலை மிதித்தபடி ஸ்விட்ச் போடுவது

அப்படிப் போட்டால் பெடல் தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் சத்தம் நிற்கும், விட்டால் இழுக்கும். காலை எடுத்துவிட்டு, அணைத்துப் போடுங்கள்.

பேட்டரி இருக்கிறது என்று நம்பிவிடுவது

மண்டபத்தில் ஈபி போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் அடாப்டரில் ஓடும் கீபோர்டு அணைந்துவிடும். வந்ததும் முதலிலிருந்து ஏறும், நீங்கள் வைத்திருந்த டோன் போயிருக்கும். உள்ளே பேட்டரி போட்டிருக்கிறோமே என்பார்கள். அடாப்டர் பின் செருகியிருக்கும்வரை பேட்டரிக்கு வேலை தராத கீபோர்டுகள் பல உண்டு. உங்களுடையது எப்படி என்று அறிய, பேட்டரி போட்டு, அடாப்டரையும் செருகி, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். அணைந்தால் ஒரு சின்ன யூபிஎஸ் எடுத்துப் போங்கள், அல்லது கச்சேரி முழுக்கப் பேட்டரியிலேயே வாசியுங்கள். ஜூனோ-டிஎஸ்61 எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும், க்ராஸ் 2 ஆறில் ஓடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்ற இடமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடாப்டரை இரவல் வாங்காதீர்கள். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் பின்னில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மினி கீ (சின்னக் கட்டை)

வேண்டாம்.

செகண்ட் ஹேண்டை ஓங்கி அடித்துப் பார்ப்பது

கம்மிப் பணத்தில் நல்ல மேடைக் கருவி வேண்டுமென்றால் பழையதுதான் வழி, அதில் தப்பில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் ஓங்கி ஒரு கார்டு அடித்துவிட்டு, "சூப்பரா இருக்கு" என்று பணத்தை எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பருக்குள் இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கும். ஒன்று பட்டு மற்றது படும் நேரத்தை வைத்துத்தான் கருவி உங்கள் அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. தூசி ஏறினாலோ தேய்ந்தாலோ மெதுவாகத் தொட்டாலும் அந்தக் கட்டை மட்டும் அலறும், அல்லது ஊமையாகிவிடும். பலமாக அடித்தால் இது தெரியவே தெரியாது. பியானோ டோனை வைத்து, 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தை எழாத அளவு மெதுவாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஓரிரண்டு கட்டைதான் என்றால் ரப்பரைச் சுத்தம் செய்தோ மாற்றியோ சரிசெய்யலாம், அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். நடு ஆக்டேவ் முழுக்க அப்படி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிளம்பும் முன் பின்னால் செருகிய ஜாக்கை ஒருமுறை லேசாக அசைத்துப் பாருங்கள், கரகரவென்றால் சால்டரிங் விட்டிருக்கிறது.