மேன்ஹோல் வாயில் நிற்பவருக்கு: மீட்புப் பயிற்சி செய்வது எப்படி

2006 சீனப் பெருநாள் விடுமுறை. தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும் அந்த நாலைந்து நாளில்தான் எங்களைப் போலத் தொட்டி கழுவுகிறவர்களுக்கு வேலை குவியும். மலேசியாவின் பிறை என்ற ஊரில் ஒரு கழிவு எண்ணெய்த் தொட்டி, ஆழம் நாலு மீட்டர். கூட்டாளி உள்ளே சகதி வாரிக்கொண்டிருந்தான். மேலே மேன்ஹோல் வாயில் நான் காவல். திடீரென்று மண்வெட்டிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், முழங்காலிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்கிறான். என் கால் தானாக ஏணிப்படிக்குப் போய்விட்டது. பார்மன் அண்ணன் என் இடுப்பு வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "எறங்காதடா! நீயும் விழுந்துட்டா யாரு தூக்குறது?"

கூட்டாளி உடலோடு கட்டும் ஹார்னஸ் வார்ப்பட்டை போட்டிருந்தான். கயிறும் மாட்டித்தான் இருந்தது. கயிற்றைச் சுற்றி ஆளை மேலே தூக்கும் வின்ச்சின் கைப்பிடி என் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அண்ணன்தான் சுற்றி மேலே எடுத்தார். கூட்டாளி பிழைத்தான்.

வகுப்பில் வின்ச் படம் பார்த்திருந்தேன், கையால் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. இன்று என் குழுவில் சுற்றிப் பழகாத யாரையும் நான் மேலே நிறுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் மூடிய இடங்களில் செய்யும் வேலைக்கு 2010-இல் வந்த தொழில் நெறிமுறை இருக்கிறது. உள்ளே இறங்குபவருக்கும் மேலே காவல் நிற்பவருக்கும் ஏ.இ.எஸ்.பி. பயிற்சி, வாயு சோதிப்பவருக்கும் நுழைவு மேற்பார்வையாளருக்கும் ஏ.ஜி.டி.இ.எஸ். பயிற்சி. இரண்டும் கட்டாயம். ஆனால் பயிற்சி முடித்த அட்டை கிடைத்ததும் கை பழகிவிடாது.

முதலில் காற்று. வாயு அளக்கும் மீட்டரை வெட்டவெளியில், லாரிப் புகை இல்லாத இடத்தில் போடுங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். சோதனை வாயுவைக் கொடுத்து அலாரம் அடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு குழாயை இறக்கி மேலே, நடுவில், அடியில் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். மீத்தேன் லேசு, மேலே போய்த் தங்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கனம், அடியில் கிடக்கும். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு நிமிடமாவது பொறுங்கள். அடியில் இருக்கும் காற்று குழாய் வழியாக மீட்டருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். இறக்கியவுடனே எண்ணைப் பார்த்துப் பெர்மிட்டில் (நுழைவு அனுமதிச் சீட்டில்) எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதுவது மேன்ஹோலுக்கு வெளியே உள்ள காற்றின் எண்.

ஆக்சிஜன் எண்ணை முதலில் படியுங்கள். 19.5-க்கும் 23.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அது குறைந்திருந்தால் எரிவாயு எண்ணையும் நம்ப முடியாது. பெரும்பாலான மீட்டர்களின் சென்சார் வாயுவைத் தனக்குள்ளே எரித்துத்தான் அளக்கிறது, எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் அல்லவா? எரிவாயு 10 சதவீத எல்.இ.எல்.-க்குக் கீழே (எல்.இ.எல். என்பது வாயு தீப்பற்றத் தேவையான குறைந்த அளவு), ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.-க்குக் கீழே (பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கார்பன் மோனாக்சைடு 25 பி.பி.எம்.-க்குக் கீழே இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத காலி இரும்புத் தொட்டியையும் அளக்காமல் விடாதீர்கள். துரு பிடிக்கும்போது இரும்பு உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும் சகதியைக் கிளறியதும் கதை மாறும். அடியில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு குமிழியாகக் கிளம்பி வரும். கூட்டாளிக்கு நடந்தது அதுதான். அதனால் இறங்குபவரின் மார்பிலும் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றத்தை அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள். 100 பி.பி.எம்.-ஐ நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சுண்ணே" என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னால் அந்த நொடியே அவரை மேலே ஏற்றுங்கள்.

உள்ளே காற்று ஊதும் புளோயர் குழாயின் வாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும், ஜெனரேட்டர் புகையை இழுக்காத இடத்தில் புளோயரை வையுங்கள். காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடக் கூடாது. சின்னப் பொறியும் பெரும் தீயாகிவிடும். தொட்டிக்கு வரும் குழாய்களை அடைத்து, கலக்கும் மோட்டாரைப் பூட்டி, சாவியை இறங்குபவரே தன் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

இனி மீட்புப் பயிற்சி. நாங்கள் சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன் செய்கிறோம். பழைய ஓவரால் ஒன்றில் மணல் பைகளைத் திணித்து 75 கிலோவுக்குப் பொம்மை செய்தோம். அதற்கு ஹார்னஸ் மாட்டி, சுத்தம் செய்து காற்றும் சோதித்த தொட்டிக்குள் இறக்குவோம். விசில் ஊதியதிலிருந்து பொம்மை வெளியே தரையில் படுக்கும்வரை கடிகாரம் ஓடும். மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். தீயணைப்பு மீட்புப் படை எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் வந்து சேர்வது கடினம். அந்த நாலு நிமிடம் மேலே நிற்பவர் கையில்தான் இருக்கிறது.

முதல் தடவை எங்களுக்கு ஏழு நிமிடம் ஆனது. ஒரு தம்பிக்கு வின்ச்சின் பூட்டை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பொம்மை மேன்ஹோல் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. கயிறு முதுகு வளையத்தில் மாட்டியிருந்ததால் உடல் முன்னால் சாய்ந்து, தோள் இரும்பில் முட்டியது. மயங்கிக் கிடப்பவர் தோளைக் குறுக்கிக் கொடுக்க மாட்டார். இப்போது குறுகலான வாய் என்றால் இரண்டு தோள்களிலும் வளையம் உள்ள ஹார்னஸ்தான், உடல் நேராக மேலே வரும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டவே வேண்டாம், ஆள் இரண்டாக மடிந்துவிடுவார். உங்கள் தொட்டியின் வாயிலேயே இதைச் செய்து பாருங்கள். படத்தில் எந்தத் தோளும் முட்டாது.

பக்கவாட்டில் நுழையும் தொட்டி, உள்ளே குழாயும் தடுப்புமாக இருந்தால் கயிறு சிக்கிக்கொள்ளும், வின்ச் உதவாது. அங்கே மூச்சுக் கருவி அணிந்த மீட்புக் குழு தயாராக வந்து நின்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 30 நிமிட சிலிண்டர் பாரம் தூக்கும்போது 20 நிமிடம்கூடத் தாங்காது. தாடி இருந்தால் முகமூடி ஒட்டாமல் காற்று கசியும். சிலிண்டரைக் கழற்றினால்தான் நுழைய முடியும் என்கிற வாய்க்குள் யாரையும் அனுப்பாதீர்கள்.

எங்கள் குழுவில் தமிழர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் எல்லாரும் உண்டு. ஆபத்துக்கு ஒரே சொல், "கெலுவார்!" மலாயில் வெளியே வா என்பது எல்லாருக்கும் புரியும். அதோடு மூன்று விசில். மேலே நிற்பவர் ஏன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கைப்பேசி பார்ப்பது, பொருள் எடுக்கப் போவது, தே தாரேக் (டீ) வாங்கப் போவது எதுவும் அவருக்குக் கிடையாது. போக வேண்டியிருந்தால் உள்ளே இருப்பவர் முதலில் வெளியே வர வேண்டும்.

2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தையும் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறேன். உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. புதிதாக வரும் தம்பிகள் பலருக்கு இது தெரிவதில்லை.

அப்புறம், பொம்மை தரைக்கு வந்ததோடு பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். அலாரம் அடித்தவுடனே இன்னொருவர் 999-ஐ அழைத்து இடம், எத்தனை பேர், என்ன வாயு என்று சொல்லிப் பழகட்டும். வெளியே எடுத்தவரைக் காற்றோட்டமான இடத்தில் படுக்கவையுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்குங்கள். ஹைட்ரஜன் சல்பைடு பட்டவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், பையுள்ள முகமூடியைப் பயன்படுத்துங்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் அவர் மார்பில் இருந்த மீட்டரை அணைக்காமல் காட்டுங்கள். அவர் உள்ளே எவ்வளவு வாயுவில் இருந்தார் என்ற உச்ச அளவு அதில் இருக்கும், மருத்துவருக்கு அது உதவும்.