ஸ்வீடிஷ் மொழியில் ‘ஃபோ’ என்னும் வினைக்குப் பொருள் காணும் முறை

ஸ்வீடிஷ் வாக்கியத்தில் ‘ஃபோ’ என்னும் வினை வந்தால், அகராதி தரும் நீண்ட பொருள் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, அதை அடுத்து நிற்பது பெயரா வினையா என்று பார்ப்பதே முதல் வேலை. நிகழ்காலத்தில் இது ‘ஃபோர்’ என்றும் இறந்தகாலத்தில் ‘ஃபிக்’ என்றும் வரும்.

அடுத்து வருவது பெயரானால் பொருள் ‘பெறு’ என்பதே. கடிதம் பெறுவதற்கும் பிள்ளை பெறுவதற்கும் தமிழைப் போலவே அங்கும் ஒரே வினைதான்.

வினை வந்தால்தான் கவனம் தேவை. ‘டூ ஃபோர் கோ’ என்றால் நீ போகலாம். ‘டூ ஃபோர் வென்தா’ என்றால் பெரும்பாலும் நீ காத்திருக்கத்தான் வேண்டும். கேட்பவர் விரும்பும் செயலானால் அனுமதி, விரும்பாததானால் கட்டாயம் என்று கொண்டால் அநேகமாகத் தவறாது. ‘இன்தெ’ என்னும் எதிர்மறைச் சொல் சேர்ந்தால் பெரும்பாலும் ‘கூடாது’ என்ற தடை பிறக்கும். காணுதல், கேட்டல், அறிதல் ஆகிய வினைகளோடு வரும்போது அனுமதியும் கட்டாயமும் விலகி, நம் ‘காணப்பெற்றேன்’ என்பதன் பொருள் கிடைப்பதுண்டு. இந்த வழக்கைத் தமிழர் எளிதில் பிடித்துக்கொள்வர் என்பது என் எண்ணம். இடையில் ஓர் ஆளும் ‘அத்’ என்னும் இடைச்சொல்லும் வந்தால், ‘சிரிக்க வை’ என்பதுபோல் பிறவினையாகும்.

இத்தனை பொருளும் ‘பற்று, பிடி’ என்னும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து கிளைத்தவை. ஜெர்மனில் ‘ஃபாங்கென்’ இன்றும் பிடிப்பதையே குறிக்கிறது. ஸ்வீடிஷில் கைதியைக் குறிக்கும் ‘ஃபொங்கெ’யும் அதே குடும்பம். ஸ்வீடிஷுக்கும் ஐஸ்லாந்து மொழிக்கும் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் ‘ஃபா’ என்றான நிகழ்கால வேரில் மெல்லின ஒலி தேய்ந்து மறைய, இறந்தகாலத்தில் அது வலித்து ‘ஃபெக்’ ஆயிற்று. இன்றைய ‘ஃபிக்’ அதன் வழிவந்தது. ஐஸ்லாந்து மொழியின் இறந்தகாலப் பன்மை வடிவத்தைப் பார்த்தால், மறைந்த அந்த மெல்லினம் இன்றும் நிற்பதைக் காணலாம். பழைய மேற்கோள்களை ஒப்பிட விரும்புவோர், 1898இல் முதல் தொகுதி வெளிவந்து 2023இல் நிறைவுற்ற ஸ்வீடிஷ் அகாதமியின் பேரகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

‘ஃபோர்’ என்பது செம்மறி ஆட்டுக்கும் பெயர். இந்த வினையோடு அதற்கு உறவில்லை. ‘ஃபோர் ஃபோர் ஃபோர்?’ என்று ஸ்வீடன் நாட்டவர் வேடிக்கையாகக் கேட்பது, ஆடு ஆட்டையா பெறும் என்ற கேள்வி. இல்லை, குட்டியைத்தான் பெறும் என்பது விடை. இத்தகைய கேள்வியில் வினை முதலிலும், விடை வாக்கியத்தில் இரண்டாம் இடத்திலும் நிற்கும் என்ற விதியைக் கொண்டு எது வினை, எது ஆடு என்று பிரித்துவிடலாம்.